தந்தையைத் தேடிய மைந்தர்

மகனைக் கற்றோர் அவையில் முந்தியிருக்கச் செய்தல் தந்தையின் கடன் எனத் தெய்வப்புலவர் வகுத்துரைத்தார். அக்கடனை ஆற்றுதற்குரிய தந்தை இல்லாதொழிந்தால் அம்மகனின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை நம்மவருள் நினைத்துப் பார்ப்பார் சிலரே. சோறும் துணியும் பள்ளிச் சம்பளமும் கிடைத்துவிட்டால் குறை தீர்ந்ததென்று பலரும் கருதுகின்றனர். நம் சங்கமும் தந்தையற்ற பிள்ளைகளுக்குப் புத்தகமும் உதவிப் பணமும் வழங்கி வருகின்றது. அது நற்செயலே. ஆயினும் அவ்வளவோடு அமையாத ஒன்று உண்டு. அதனை, நம் அருணையம்பதியில் ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் உடல் நீத்த ஸ்ரீ ரமண மகரிஷிகளின் வரலாற்றைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவரை ஞானியாக உலகம் அறியும். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்த சிறுவராக அவரை எண்ணிப் பார்த்தவர் மிகுதியாக இரார்.

மதுரைக்குத் தெற்கே திருச்சுழி என்பது பாடல் பெற்ற தலம். ஆண்டு எழுந்தருளியிருக்கும் இறைவர் பூமிநாதர். அம்மை துணைமாலை நாயகி. அவ்வூரில் சுந்தரமையர் என்பார் ஒருவர் இருந்தார். சிறிய சம்பளத்தில் கணக்கெழுதத் தொடங்கி, பின்னர் மனு எழுதிக் கொடுத்து, முடிவில் சன்னது பெறாத வக்கீலாக வழக்காடிப் பெயர் பெற்றவர் அவர். வழக்கின் பொருட்டு வந்தோரும் வழிப்போக்கரும் அவர் இல்லத்தில் உண்டு உறங்கிச் சென்றனர். கள்வரும் அவரை வழிமறியார் என்று அந்நாளில் ஊரார் பேசிக்கொண்டனராம். அவர் மனைவியார் அழகம்மையார். இவ்விருவர்க்கும் நாகசாமி, வேங்கடராமன், நாகசுந்தரம் என்னும் ஆண்மக்கள் மூவரும், அலமேலு என்னும் பெண்ணும் பிறந்தனர். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்திரா தரிசன வேளையில் பிறந்த இரண்டாம் மைந்தராகிய வேங்கடராமனே பின்னாளில் ரமண மகரிஷிகள் ஆயினார்.

அக்குடும்பத்தில் வழிவழி வந்த ஒரு செய்தி உண்டு. முன்னொரு காலத்தில் துறவி ஒருவர் அவ்வீட்டு வாயிலில் அன்னம் வேண்டி நின்றாராம், வீட்டார் இல்லையென்றனராம், தலைமுறைதோறும் உங்களுள் ஒருவன் பிச்சையேற்றுத் திரிவான் என்று அவர் கூறிப் போயினாராம். அதற்கேற்பச் சுந்தரமையரின் சிறிய தந்தையார் ஒருவர் காவி உடுத்துச் சென்றார். சுந்தரமையரின் தமையனார் வேங்கடேசையரும் ஒருநாள் வீட்டைவிட்டு அகன்றார்; மீளவில்லை. சாபம் மெய்யோ பொய்யோ, அதனை விடுக. போனவர் ஒவ்வொருவருக்கும் பின்னால் வாயிலைப் பார்த்திருந்தோர் சிலர் இருந்திருப்பர் என்பது மட்டும் மெய்.

வேங்கடராமன் ஆறு வயதுச் சிறுவராயிருந்தபோது, தந்தையின் பழைய வழக்குக் காகிதங்களை எடுத்துக் கப்பல் செய்து நீரில் விட்டு விளையாடினாராம். தந்தை சினந்தார். சிறுவர் காணாமற் போயினார். தேடியோர் கோயிலில் அம்மையின் திருவுருவத்திற்குப் பின்னால் அவர் ஒடுங்கி உட்கார்ந்திருக்கக் கண்டனர் என்று சரிதம் எழுதினோர் கூறுவர். தந்தை கடிந்த பிள்ளை தாயின் பின்னே ஒளிதல் எங்குமுள்ளதே. அன்று வீட்டிலே தந்தை இருந்தார். ஆகலின் தேடுவதற்கு ஆள் அனுப்பினார். பிள்ளையும் வீடு வந்து சேர்ந்தது.

1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சுந்தரமையர் காலமாயினார். திருச்சுழியில் தொடக்கக் கல்வி முடித்துத் திண்டுக்கல்லிலே படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் ஊர் வந்து சேர்ந்து தந்தையின் உடலைக் கண்டார். நேற்று வரை நம்மை அழைத்தவர் இங்கேதான் கிடக்கின்றார். பின் ஏன் அழைக்கவில்லை. போனவர் எவர் என்று அச்சிறுவர் நெடுநேரம் எண்ணியிருந்ததாக வரலாற்றிற் காண்கின்றோம். அக்கேள்விக்கு அன்று விடை சொல்வார் எவரும் இலர். துக்க வீட்டில் பெரியோர்க்கு ஆயிரம் வேலைகள். பிள்ளைகளை ஒருபுறம் ஒதுக்கி வைப்பதே வழக்கம்.

தந்தை போனதும் குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிறிய தந்தையார் சுப்பையர் இல்லத்திற்குச் சென்றனர். இளையவர் இருவரும் தாயோடு மானாமதுரையில் மற்றொரு சிறிய தந்தையாராகிய நெல்லியப்பையரின் ஆதரவை அடைந்தனர். அச்சிறிய தந்தையர் இருவரும் நல்லவர். தமையன் மக்களைத் தம் மக்களைப் போலவே பேணினர். அவர்மேல் ஒரு குறையும் சொல்லுதற்கில்லை. ஆயினும் ஒரு சிறுவருக்கு ஒரே காலத்தில் தந்தை, தாய், தம்பி, தங்கை, ஊர், கோயில் ஆகிய யாவும் அகன்றன என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

மதுரையில் சொக்கப்ப நாயக்கன் தெருவிலிருந்த சுப்பையர் வீட்டிலிருந்து வேங்கடராமன் முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பின்னர் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றார். கால்பந்திலும் மற்போரிலும் நீச்சலிலும் வல்லவர். பாடத்தில் அத்துணை நாட்டமில்லாதவர். உறக்கமோ மிகப் பெரிது. விழித்திருக்கும்போது அவரை நெருங்க அஞ்சிய தோழர்கள், உறங்கும்போது தூக்கிச் சென்று அடித்து மீண்டும் படுக்கையிற் கிடத்திவிடுவர், அவர் அறியமாட்டார். இதனை அவரே பிற்காலத்தில் நகைத்துக்கொண்டே அன்பர்க்குச் சொல்லியிருக்கின்றார். வெளிப்பார்வைக்குத் துடியான பிள்ளை, கவலையில்லாத பிள்ளை. அவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்று கேட்டவர் இல்லை.

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திருச்சுழி உறவினராகிய முதியவர் ஒருவர் வந்தார். எங்கிருந்து வருகின்றீர் என்ற கேள்விக்கு அருணாசலத்திலிருந்து என்றார் அவர். அப்பெயர் சிறுவரைப் பிணித்தது. அடுத்துப் பெரியபுராணம் கைக்குக் கிடைத்தது. அடியார் அறுபத்துமூவரும் உள்ளத்திற் குடிபுகுந்தனர். 1896-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒருநாள், சுப்பையர் இல்லத்து மாடி அறையில் தனித்திருந்தபோது, நோய் ஏதுமின்றியே சாவச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. அவர் வைத்தியரை அழைக்கவில்லை, எவரையும் கூவவில்லை. பிணம் போல் கைகால் நீட்டி, மூச்சடக்கி, உதடு மூடிப் படுத்து, இறப்பது எது, இறவாமல் எஞ்சி நிற்பது எது என்று தமக்குள்ளே நாடினார். உடல் வேறு, தான் வேறு என்ற தெளிவு அப்போதே உதித்து என்றும் நீங்காது நின்றது. ஞானியர் வரலாற்றில் இஃது ஓர் அரிய நிகழ்ச்சி. ஆனால் பிணம் எவ்வாறு கிடக்கும் என்பதை அவர் முதலில் எங்கே கண்டார் என்று யாம் எண்ணும்போது, நான்காண்டுகளுக்கு முன் திருச்சுழியில் கிடந்த தந்தையின் உடலே எம் கண்முன் வருகின்றது. அன்று விடை கிடையாத வினாவுக்கு அவர் தாமே தனித்திருந்து விடை கண்டார் என்பது எம் கருத்து.

அதன்பின் மாலைதோறும் மீனாட்சியம்மை திருக்கோயிலுக்குச் சென்று, அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன்னே கண்ணீர் பெருக நிற்பாராயினர். படிப்பில் மனம் செல்லவில்லை. ஆகஸ்ட் 29-ஆம் நாள், பாடம் படியாமைக்குத் தண்டனையாக ஆங்கில இலக்கணப் பகுதியை எழுதிக்கொண்டிருந்தவர், எழுத்தை நிறுத்திக் கண்மூடி அமர்ந்தார். இப்படியிருப்பவனுக்கு இவையெல்லாம் எதற்கு என்று தமையனார் நாகசாமி கடிந்துகொண்டார். அவர் சொல்வது மெய்தானே என்று தம்பி எண்ணினார்; எழுந்தார்; பள்ளியில் தனி வகுப்பு உண்டென்றார். அற்றேல் பெட்டியிலிருந்து ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் தமையனார். சிற்றன்னையார் ஐந்து ரூபாய் கொடுத்தார். அவர் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயோடு ஒரு சீட்டும் எழுதி வைத்துப் புறப்பட்டார்.

அச்சீட்டு நம் நாட்டில் பலரும் அறிந்தது. தம் தந்தையைத் தேடி, அவர் கட்டளைப்படியே புறப்பட்டதாகவும், இது நல்ல காரியமாதலின் எவரும் வருந்த வேண்டாவென்றும், தேடுதற்குப் பணம் செலவிட வேண்டாவென்றும், தமையனாரின் சம்பளம் கட்டப்படவில்லையென்றும் அதில் எழுதியிருந்தார். தம்மைக் குறிக்கையில் நான் என்று தொடங்கி இது என்று மாற்றி, முடிவில் கையொப்பமிடாமல் விட்டார். அறிஞர் பலரும் நான் என்பது இது என்று மாறியதையே வியந்து பேசுவர். எமக்கோ மற்றொரு சொல்லின்மேல் மனம் செல்கின்றது. இறைவன் என்றோ அருணாசலேசுவரர் என்றோ அவர் எழுதவில்லை. தந்தை என்றே எழுதினார்.

மதுரையிலிருந்து இருப்புப்பாதையில் விழுப்புரம் வந்து, எஞ்சிய காசுக்கு மாம்பழப்பட்டு வரை சீட்டெடுத்து, அதற்கப்பால் நடந்தார். அறையணிநல்லூர்க் கோயிலிலும் கீழூர் வீரட்டத்திலும் தங்கினார். மறுநாள் கோகுலாஷ்டமி. கீழூரில் முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்து அம்மையார் இவரைக் கண்ணனாகவே கருதி உணவூட்டி, பலகாரப் பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு ஈடு வைத்தார். மீட்பதற்கென்று பெற்ற முகவரிச் சீட்டை வழியிலேயே கிழித்தெறிந்தார். செப்டம்பர் 1-ஆம் நாள் காலை திருவண்ணாமலையை அடைந்து, நேரே அண்ணாமலையார் சந்நிதிக்குச் சென்றார். கதவங்கள் யாவும் திறந்திருந்தன. ஆண்டு எவரும் இலர். தந்தையே, நின் ஆணைப்படி வந்துவிட்டேன் என்னும் கருத்துப்பட விண்ணப்பித்து நின்றார். பின் அய்யங்குளத்தில் பலகாரத்தையும் எஞ்சிய காசையும் எறிந்தார், முடி களைந்தார், பூணூலை நீக்கினார், உடுத்த வேட்டியில் கோவணமளவு கிழித்துக்கொண்டு எஞ்சியதைத் துறந்தார்.

ஆயிரக்கால் மண்டபத்தில் அவர் அசைவற்றிருந்தபோது நம் ஊர்ச் சிறுவர் அவர்மீது கல்லெறிந்தனர் என்பதை நாணத்தோடு கூறுகின்றோம். பாதாளலிங்கக் குகையின் இருளில் எறும்பும் பூச்சியும் அரித்துத் தொடையில் புண்ணாயின, அவர் அறிந்திலர். சேஷாத்திரி சுவாமிகள் போன்ற பெரியோரே அவருக்குக் காவலாயினர்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். தந்தையை இழந்த துயரமே மகரிஷிகளைத் துறவியாக்கிற்று என்பது உம் கருத்தோ என்று அன்பர் சினக்கலாம். அங்ஙனம் யாம் கூறவில்லை. தந்தையை இழந்த சிறுவர் எத்துணையோ பேர்; ரமணரானவர் ஒருவரே. அவர்தம் முன்னைத் தவமும் இறைவன் திருவருளும் ஆராய்ச்சிக்கு அடங்குவன அல்ல. ஆயினும் திருவருள் வந்து புகுதற்கு ஒரு வாயில் வேண்டும். இழந்த இடம் வெற்றிடமாக நில்லாது. அதனை நிரப்புவதற்குப் பிள்ளை ஏதோ ஒன்றைத் தேடியே தீரும். வேங்கடராமன் கையில் பெரியபுராணம் கிடைத்தது. காதில் அருணாசலம் விழுந்தது. வேறொன்று கிடைத்திருந்தால் என்னாயிருக்கும் என்று நினைக்கவும் அஞ்சுகின்றோம். இக்காலத்துப் பிள்ளைகளுக்குக் கிடைப்பன யாவை என்பதைப் பெற்றோர் அறிவர்.

இனி, வீட்டிலிருந்தோர் நிலையைப் பார்ப்போம். கணவரை இழந்த நான்காண்டுகளில் மகனையும் இழந்த அழகம்மையார், தேடுங்கள் தேடுங்கள் என்று மைத்துனர்களை வேண்டினார். திருவனந்தபுரத்தில் ஒரு நாடகக் குழுவில் இருப்பதாக யாரோ சொல்ல, அங்கும் தேடினர். 1898-ஆம் ஆண்டில் சுப்பையர் காலமானார். அவ்வாண்டிலேயே வேங்கடராமன் திருவண்ணாமலையில் இருக்கும் செய்தி கிட்டியது. நெல்லியப்பையர் வந்து அழைத்துப் பயன்படாமல் திரும்பினார். டிசம்பர் மாதத்தில் தாயார் மூத்த மகன் நாகசாமியோடு பவழக்குன்றுக்கு வந்தார். சடையும் அழுக்கும் மூடிய உடலிலும் தம் மகனை அடையாளங்கண்டார். நாள்தோறும் பலகாரம் கொண்டுவந்து அழுது வேண்டினார். மகனார் வாய் திறக்கவில்லை. அருகிருந்தோர் இரங்கி, விடையையேனும் எழுதித் தருக என்று தாளும் எழுதுகோலும் கொடுத்தனர். அவரவர் வினைப்படியே இறைவன் ஆட்டுவிக்கின்றான். நடவாதது முயன்றாலும் நடவாது, நடப்பது தடுத்தாலும் நில்லாது. ஆகலின் மௌனமே நன்று என்னும் பொருள்பட எழுதிக் கொடுத்தார். தாயார் மானாமதுரைக்கு மீண்டார். 1900-ஆம் ஆண்டில் நாகசாமியும் இறந்தார். தந்தை போன பின் அச்சிறு வயதில் வீட்டுப் பொறுப்பைத் தாங்கியவர் அவர். அவர் தேடுதற்கு அருணாசலம் கிடைக்கவில்லை. அவரைப் பற்றி நூல் எழுதுவாரும் இலர். எம் கண் அவருக்காகவும் கலங்குகின்றது.

ஆனால் தாயாரை மகனார் துறந்தார் என்று முடிவு கட்டலாகாது. 1914-ஆம் ஆண்டில் விரூபாட்சி குகைக்கு வந்த தாயார் கடுங்காய்ச்சலில் விழுந்தபோது, மகரிஷிகள் அருகிருந்து பணிசெய்தார். அவர் பிழைக்க வேண்டி அருணாசலத்தை நோக்கிப் பாடலும் பாடினார். 1916-ஆம் ஆண்டில் தாயார் மகனிடமே வந்து தங்கினார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார். 1922-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் அவர் உயிர் பிரியும் வேளையில், மகனார் ஒரு கையை அவர் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்து நெடும்பொழுது அமர்ந்திருந்தார். தந்தையின் இறப்பில் தூரத்தே நின்று திகைத்த சிறுவர், தாயின் இறப்பில் அச்சமின்றி அருகிருந்து வழியனுப்பினார். அவ்வம்மையார் சமாதியைச் சுற்றியே ரமணாசிரமம் எழுந்தது. அச்சமாதியின்மேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்திற்கு 1949-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குடமுழுக்கு நடந்தது.

தந்தையாரை அவர் மறந்தாரோ எனின், இல்லை. அருணாசலேசுவரர் மீது அவர் பாடிய அட்சரமணமாலை நூற்றெட்டுக் கண்ணிகள் கொண்டது. நம் ஊரில் மலைவலம் வருவோர் பலர்க்கும் அது மனப்பாடம். அதன் இரண்டாம் கண்ணியிலேயே அழகு என்றும் சுந்தரம் என்றும் இரு சொற்களை அடுத்தடுத்து வைத்தார். இரண்டும் ஒரு பொருளன. பிரிக்கலாகாத ஒருமைக்கு உவமையாவன. அவையே அழகம்மையாரையும் சுந்தரமையரையும் குறிக்கும் பெயர்களுமாம். 1892-இல் பிரிந்த தாய் தந்தையர் இருவரும் மகனார் பாட்டில் பிரியாமல் ஒன்றாய் இருக்கின்றனர். திருச்சுழியில் கைமாறிப்போன அவர் பிறந்த இல்லமும் பின்னாளில் ஆசிரமத்தாரால் மீட்கப்பட்டுச் சுந்தர மந்திரம் என்னும் பெயரோடு இன்றும் விளங்குகின்றது.

இவ்வரலாற்றில் இன்னொரு பிள்ளையும் உண்டு. இளையவராகிய நாகசுந்தரத்தின் மனைவியார் ஒரு குழந்தையை விட்டு இறந்தார். நாகசுந்தரமோ தமையனாரிடம் வந்து காவி பெற்று நிரஞ்சனானந்தர் ஆயினார். ஆசிரமத்தின் சர்வாதிகாரியாக விளங்கினார். தாயுமின்றித் தந்தையும் துறவியான அக்குழந்தையை அத்தையாகிய அலமேலு அம்மையார் தம் மகவாகவே எடுத்து வளர்த்தார். பெரிய தந்தையாரின் பெயரே அதற்கும் பெயர், வேங்கடராமன். அப்பிள்ளைக்குத் தந்தை எங்கே இருக்கின்றார் என்பதை எவரும் மறைக்கவில்லை; அவரிடம் அழைத்து வந்து காட்டினர். 1953-ஆம் ஆண்டு நிரஞ்சனானந்தர் மறைந்த பின், அம்மைந்தரே ஆசிரமப் பொறுப்பை ஏற்று நாற்பதாண்டளவு நடத்தினார். தலைமுறைதோறும் பிரித்த வழியே அங்கு மீண்டும் சேர்த்தது.

இனி எம் பிழை ஒன்றைக் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டுப்பாடம் எழுதாத ஒரு மாணவனைத் தந்தையை அழைத்து வந்தாலன்றி வகுப்பில் நுழையாதே என்றோம். மூன்று நாள் அவன் வாயிலில் நின்றான். நான்காம் நாள் வரவில்லை. தந்தை இறந்து ஓராண்டு என்பதை அவன் பாட்டியார் வந்து சொன்ன பின்னரே அறிந்தோம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, வீட்டில் எவரும் அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை என்றான். அழுவான் என்று அஞ்சி, புகைப்படத்தையும் எடுத்து வைத்துவிட்டனராம். மகரிஷிகளின் சீட்டில் இருந்த தந்தை என்னும் சொல்லை யாம் உண்மையாகப் படித்தது அன்றுதான்.

ஆகலின் நம் குலத்துப் பெரியோர்க்கு யாம் விண்ணப்பிப்பன இவை. தந்தை இறந்த வீட்டில் அவர் பெயரைப் பிள்ளையின் முன் அடிக்கடி சொல்லுங்கள். திதியன்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உடன்பிறந்தாரைக் கூடுமானவரை பிரித்து வளர்க்க வேண்டா. பிரித்தே தீருமாயின், திங்களுக்கு ஒருமுறையேனும் ஒன்றுசேருங்கள். நம் மாவட்டத்திலிருந்து பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புக்குச் சென்றுள்ள தந்தையர், பணம் அனுப்புவதோடு நில்லாமல், கைபேசியில் பிள்ளையிடமே தனித்துப் பேசுக; மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் அன்று என்ன நடந்தது என்று கேட்க. குடியாலோ வேறு காரணத்தாலோ வீட்டைவிட்டுப் போன தந்தையைப் பிள்ளையின் முன் இழித்துப் பேசுதல் வேண்டா. அவ்விழிவைப் பிள்ளை தன்மேலேயே ஏற்றிக்கொள்ளும். நம் சங்கமோ, உதவி பெறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவரைப் பெயர் குறித்து நியமித்து, அவர் வாரம் ஒருமுறை அவ்வீட்டுக்குச் சென்று உட்கார்ந்து வருமாறு அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே வேண்டும். முதலில் ஒரு பிள்ளைக்கு அத்தொண்டு ஆற்ற யாம் இசைகின்றோம்.

தந்தையைத் தேடும் பிள்ளைகள் யாவரும் அண்ணாமலையைச் சென்று சேர்வதில்லை. நம் வாயிலில் வந்து நிற்போரும் உளர். அவர்க்குக் கதவம் திறந்திருக்க அருணாசலேசுவரர் அருள்வாராக.